எரிவாயு பிளாக்குகளை ஏலம் விட்டும் பெரிய முதலீடு ஏன் வரவில்லை?

பொருளியல்_மாணவி

இந்தியா 2010-11ல் சுமார் 5,200 கோடி கன மீட்டர் இயற்கை எரிவாயு எடுத்தது. 2023-24ல் அது 3,600 கோடி அளவுக்கு இறங்கியிருக்கிறது. தேவையில் கிட்டத்தட்ட பாதி எல்என்ஜியாக (குளிர்வித்துத் திரவமாக்கிய வாயு) கப்பலில் வருகிறது. 2016ல் எண்ணெய், எரிவாயு ஆய்வுக்கான ஹெல்ப் என்ற புதிய உரிமக் கொள்கை வந்தது. வேண்டிய இடத்தை நிறுவனமே தேர்ந்து கேட்கலாம், விலையையும் அதுவே பேசிக்கொள்ளலாம், ஆழ்கடலுக்கு முதல் 7 ஆண்டு ராயல்டி (எடுத்த வாயுவின் மதிப்பில் அரசுக்குக் கட்டும் சதவீதம்) கிடையாது. அப்படியும் அதன்படி நடந்த ஓஏஎல்பி ஏலத்தின் முதல் சுற்றில் (2018ல் முடிந்தது) 55 பிளாக்குகளில், அதாவது ஆய்வுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதிகளில், 41 ஒரே நிறுவனத்துக்குப் போனது. உலகின் பெரிய நிறுவனங்கள் ஏலத்துக்கே வரவில்லை. இன்னும் வரிச்சலுகை கொடுத்தால் வருவார்களா, அல்லது தடங்கல் வேறு எங்காவது இருக்கிறதா? எண்களோடு விளக்கினால் நன்றாக இருக்கும்.

கிணற்றுக்கணக்கு

முதலீட்டாளரின் கணக்கில் ராயல்டி கடைசியில் வரும். முதலில் வருவது, எடுத்த வாயு என்ன விலைக்குப் போகும் என்பது.

நாளுக்கு 1 கோடி கன மீட்டர் தரும் ஒரு ஆழ்கடல் வயலை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 3.6 லட்சம் எம்எம்பிடியூ (வாயுவுக்கு விலை போடும் வெப்ப அலகு). ஒரு எம்எம்பிடியூவுக்கு 10 டாலர் விலையில் ஆண்டு வருமானம் சுமார் 131 கோடி டாலர், 4 டாலர் விலையில் சுமார் 53 கோடி. ராயல்டியை 5 சதவீதத்திலிருந்து பூஜ்யமாக்கினால் 10 டாலர் விலையில் மிச்சமாவது ஆண்டுக்கு 6.5 கோடி டாலர். விலை ஒரே ஒரு டாலர் இறங்கினால் கையை விட்டுப் போவது 13 கோடி. சலுகையைவிட விலை எவ்வளவு பெரியது என்று இதிலேயே தெரியும்.

செலவோ விலையோடு சேர்ந்து இறங்காது. ஆழ்கடல் துரப்பணக் கப்பலின் நாள் வாடகை 2023, 2024ல் 4 முதல் 5 லட்சம் டாலர் வரை போனது. ஒரு கிணற்றுக்கு 75 நாள் என்று வைத்தால் வாடகை மட்டும் 3.4 கோடி டாலர். சிமென்ட், உறைக்குழாய், சோதனை, துணைக் கப்பல்கள் எல்லாம் தனி. அந்தக் கிணறு வறண்டு போனால் அத்தனையும் போனதுதான்.

இனி இந்தியா கொடுத்த விலையைப் பாருங்கள். 2014 நவம்பரில் வந்த சூத்திரம் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ரஷ்யா சந்தைகளின் சராசரி. அவற்றில் பெரும்பாலானவை வாயு உபரியாக உள்ள நாடுகள். அவர்களுடைய மலிவு விலையை இங்கே கிணறு தோண்டுபவருக்குக் கொடுத்ததால், 5.05 டாலரில் தொடங்கிய விலை 2017 ஏப்ரலில் 2.48 ஆகி, 2020 அக்டோபரில் 1.79 வரை விழுந்தது. பழைய வயலைப் பராமரிக்கவே அது போதவில்லை.

மாற்றம் வந்தது 2016 மார்ச்சில். ஆழ்கடல், அதி ஆழ்கடல், உயர் அழுத்த உயர் வெப்பக் கிணறுகளின் வாயுவுக்குத் தனி உச்சவரம்பு வைத்தார்கள்; அதற்குள் விற்பவரே விலையைப் பேசிக்கொள்ளலாம். 2017 ஏப்ரலில் சாதாரண விலை 2.48 டாலராக இருக்க, இந்த உச்சவரம்பு 5.56 டாலர். அதே ஆண்டு ஜூனில்தான் ரிலையன்ஸும் பிரிட்டனின் பிபி நிறுவனமும் ஆந்திரக் கடலில் உள்ள கிருஷ்ணா கோதாவரி டி6 பிளாக்கில் மூன்று திட்டங்களை அறிவித்தன. ஆர் கிளஸ்டர் 2020 டிசம்பரில் ஓடத் தொடங்கியது, சாட்டிலைட் கிளஸ்டர் 2021 ஏப்ரலில், எம்ஜே 2023ல். சுமார் 500 கோடி டாலர் முதலீட்டில் மூன்றும் சேர்ந்து நாளுக்கு 3 கோடி கன மீட்டர் அளவுக்குக் கொடுத்தன. பழைய மேடையும் கரைக்கு வரும் குழாயும் ஏற்கெனவே இருந்ததால்தான் இந்தச் செலவில் முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்த உச்சவரம்பிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. இறக்குமதி எரி எண்ணெயின் விலை ஒன்று. நிலக்கரி 30, எரி எண்ணெய் 40, நாப்தா 30 சதவீதம் கலந்த விலை ஒன்று. இறக்குமதி எல்என்ஜி விலை ஒன்று. இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் வரம்பு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2021 ஏப்ரலில் 3.62 டாலர், 2022 அக்டோபரில் 12.46. மேலே மூடி இருக்கிறது, கீழே தரை இல்லை. வங்கி கடன் கொடுக்கும்போது பார்ப்பது அந்த 3.62ஐத்தான்.

நிலத்தடி

மேலே சொன்ன விலைக்கணக்கு சரி. ஆனால் விலை கொடுத்தால் மட்டும் வாயு ஊறிவிடாது. டி6ன் முதல் சுற்று அதற்குச் சாட்சி.

2006ன் திட்டப்படி அந்த பிளாக்கின் டி1, டி3 வயல்களில் எடுக்கத்தக்க இருப்பு சுமார் 10 டிரில்லியன் (10 லட்சம் கோடி) கன அடி, உற்பத்தி நாளுக்கு 8 கோடி கன மீட்டர். 2009 ஏப்ரலில் தொடங்கி, 2010ல் 6 கோடியைத் தாண்டியது. பிறகு கிணறுகளில் தண்ணீரும் மணலும் ஏறி, அழுத்தம் சரிந்து, இருப்பு மதிப்பீடு 3 டிரில்லியன் அருகே வெட்டப்பட்டது. 2020 பிப்ரவரியில் அந்த இரு வயல்களும் மூடப்பட்டன. 2011ல் 720 கோடி டாலர் ஒப்புக்கொண்டு 30 சதவீதப் பங்கோடு நுழைந்த பிபி பார்த்தது இந்தச் சரிவைத்தான்.

8 கோடிக்குக் கட்டிய வசதி பாதிகூட ஓடாததால், அந்தச் செலவைக் கழிக்க விடமாட்டோம் என்றது அரசு. விஷயம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 'செலவைக் கழித்துவிட்டு லாபத்தைப் பங்கிடுவோம்' என்ற, ஹெல்ப்புக்கு முந்தைய நெல்ப் கொள்கையின் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, ஹெல்ப்பில் வருவாய்ப் பங்குக்கு மாறியதற்கு இந்தத் தகராறுகள் முக்கியக் காரணம். அரசுக்கு நிர்வாகம் எளிது. ஒவ்வொரு ரசீதையும் தணிக்கை செய்ய வேண்டாம். ஆனால் நிலத்தடி அபாயம் முழுக்க முதலீட்டாளர் தலையில் விழுகிறது. 100 ரூபாய் போட்டவர் அதில் 10ஐக்கூட மீட்காத முதல் ஆண்டிலேயே வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும்.

இதனால் ஏலமே திரிந்துபோகும். வாயு கிடைக்காவிட்டால் வருவாய்ப் பங்கு என்று எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதால் சிலர் மிக உயர்ந்த பங்கை எழுதிப் பிளாக்கைப் பிடிப்பார்கள். உண்மையில் சிறிய வயல் ஒன்று கிடைத்துவிட்டால், எழுதிக் கொடுத்த பங்கே அதைக் கட்டுப்படியாகாமல் ஆக்கிவிடும். கண்டுபிடிப்பு என்று அறிவிப்பு வரும், உற்பத்தி வராது. 2019 பிப்ரவரித் திருத்தம் இதைப் பெருமளவு சரிசெய்தது. வணிக உற்பத்தி இன்னும் வராத இரண்டாம், மூன்றாம் வகைப் படுகைகளில் வருவாய்ப் பங்கு கிடையாது, அதீத லாபம் வந்தால் மட்டுமே. ஏற்கெனவே உற்பத்தி நடக்கும் முதல் வகையில் ஏலப் பங்குக்கு 50 சதவீத வரம்பு. எத்தனை கிணறு, எவ்வளவு முப்பரிமாண நில அதிர்வு ஆய்வு என்ற வேலைத்திட்டத்துக்கு அதிக மதிப்பெண். வாயு இருக்கிறதா என்றே தெரியாத படுகையில் முதலில் வேண்டியது துளைகள். பங்குச் சண்டை அப்புறம்.

நைல்_வாசகன்

வரிச்சலுகையைவிடப் பெரிய விஷயம் ஒன்றுக்கு எகிப்து நல்ல பாடம்: விற்ற வாயுவுக்குப் பணம் வந்து சேர்கிறதா?

அங்கே அரசு நிறுவனம்தான் வாங்குபவர். 2011 புரட்சிக்குப் பிறகு அந்நியச் செலாவணி வற்றி, வெளிநாட்டு நிறுவனங்களுக்கான நிலுவை 630 கோடி டாலர் வரை ஏறியது. கூடவே பல வயல்களின் விலை 2.65 டாலரில் உறைந்திருந்தது. துரப்பணம் நின்றது, ஏற்றுமதி செய்த நாடு எல்என்ஜி இறக்குமதிக்குப் போனது. பிறகு நிலுவையைத் தவணையாகக் கட்டத் தொடங்கி, 2015ல் இத்தாலியின் எனி நிறுவனத்துடன் அதிகபட்சம் 5.88 டாலர் வரையான புதிய விலைக்கு ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் 1,450 மீட்டர் நீராழத்தில் சோர் வயல் கிடைத்தது, 30 டிரில்லியன் கன அடி. 2017 டிசம்பரிலேயே வாயு வந்தது. இரண்டரை ஆண்டுக்குள் ஆழ்கடல் வயல் ஒன்று ஓடுவது மிக அரிது. 2018 செப்டம்பரில் எல்என்ஜி இறக்குமதியை நிறுத்தினார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, பங்கு விற்கும் வசதி. எனி சோரில் 10 சதவீதத்தை பிபிக்கு 37.5 கோடி டாலருக்கும், 30 சதவீதத்தை ரஷ்யாவின் ரோஸ்நெஃப்டுக்கு 112.5 கோடிக்கும், பின்னர் 10 சதவீதத்தை அபுதாபியின் முபாதலாவுக்கும் விற்றது. முதலில் வாங்கிய பிபியும் ரோஸ்நெஃப்டும் தங்கள் பங்குக்கு ஏற்கெனவே ஆன செலவையும் தந்தன. ஒரு சொட்டு வாயு விற்கும் முன்பே கண்டுபிடித்தவருக்குக் கையில் பணம். அந்தப் பங்கு மாற்றத்துக்கு அரசு சீக்கிரம் ஒப்புதல் கொடுத்தது ஒரு வரிச்சலுகைக்குச் சமம், அரசுக்குச் செலவும் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. சோர் 2019ல் நாளுக்கு 270 கோடி கன அடியைத் தொட்டு, பிறகு நீர் புகுந்து இறங்கியது. டாலர் தட்டுப்பாட்டில் நிலுவை மறுபடி ஏற, நிறுவனங்கள் துரப்பணத்தைக் குறைத்தன. 2024 கோடையில் மின்வெட்டு, மறுபடியும் எல்என்ஜி. வாயு வயல் ஒருமுறை போட்டுவிட்டு மறக்கும் முதலீடு அல்ல. ஆண்டுதோறும் புதுக்கிணறு போட்டால்தான் இருக்கிற அளவே நிற்கும். பணம் கொடுப்பது ஆறு மாதம் நின்றால், கிணறு நிற்பது உடனே, உற்பத்தி சரிவது ஓரிரு ஆண்டில்.

பொருளியல்_மாணவி

மிக்க நன்றி. இந்தியாவில் வாங்குபவர் பணம் கொடுக்காமல் இழுத்தடிப்பது பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லை. அப்படியானால் இங்கே அதற்கு இணையான பயம் எது? நிலப்பகுதி பிளாக்குகளின் நிலை எப்படி?

காவிரிப்படுகை

முதல் கேள்விக்கு: இங்கே பயம், விதி நடுவழியில் மாறுவது. 2012ல் வந்த முன்தேதியிட்ட வரிச் சட்டத்தால் பிரிட்டனின் கெய்ர்ன் எண்ணெய் நிறுவனம் மீது வரிக் கோரிக்கை விழுந்தது. 2020 டிசம்பரில் நடுவர் மன்றம் இந்திய அரசை கெய்ர்னுக்கு 120 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2021 ஆகஸ்டில்தான் அந்தச் சட்டம் விலக்கப்பட்டது. விலையிலும் அப்படியே: 2023 ஜனவரியில், ஆழ்கடல் வாயுவை விற்கும்போது நகர எரிவாயு, உரம், எல்பிஜி, மின்சாரம் என்று முன்னுரிமை வரிசை வந்தது. சிஎன்ஜி பயன்படுத்துபவருக்கு அது நியாயமே. ஆனால் யாருக்கு விற்பது என்பதும் தன் கையில் இருக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட்டவர் அடுத்த முறை அந்த நம்பிக்கையைக் கணக்கிலிருந்து அடித்துவிடுவார். 2025ல் திருத்தப்பட்ட எண்ணெய் வயல் சட்டம் குத்தகைக் காலம் முழுக்க நிபந்தனை நிலையாக இருக்கவும், தகராறை வெளிநாட்டு நடுவர் மூலம் தீர்க்கவும் இடம் தருகிறது. சரியான திசை.

நிலப்பகுதியில் சிக்கல் வேறு. பிளாக்கை ஏலம் விடுவது மத்திய அரசு, குத்தகை கொடுப்பது மாநிலம், ராயல்டி பெறுவதும் மாநிலம். ஒப்பந்தம் கையில் இருந்தும் நிலத்தில் கால் வைக்க முடியாமல் போகலாம். நெடுவாசலில் 2017ல் நடந்தது அதுதான். 2020ல் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பகுதிகளோடு கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களையும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயு ஆய்வையும் துரப்பணத்தையும் தடை செய்தது. விவசாயிகளின் அச்சம் பொய்யில்லை. நிலத்தடி நீர் எங்கே, கழிவுச்சேறு எங்கே போகும், குழாய் உடைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விகளுக்கு ஏலத்துக்கு முன்பே ஊரில் பதில் சொல்லியிருக்க வேண்டும். மாநிலம் ஒப்பாத இடத்தை ஏலப் பட்டியலில் வைப்பது முதலீட்டாளரையும் ஊரையும் சேர்த்து ஏமாற்றுவது.

இன்னொன்று ஜிஎஸ்டி. இயற்கை எரிவாயு ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. ரிக் (துரப்பண எந்திரம்), துரப்பணச் சேவை எல்லாவற்றுக்கும் வரி கட்டுகிறவர், வாயுவை விற்கும்போது அதைக் கழிக்க முடியாது. துரப்பணச் சேவைக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 18 ஆனது. நான் மேலே சொன்ன எதையும்விட இதை மாற்றுவது எளிது. மாநிலங்கள் வாட் வருமானத்தைக் கைவிட ஒப்பினால் போதும்.

கிணற்றுக்கணக்கு

@பொருளியல்_மாணவி, வரிச்சலுகை பற்றிய உங்கள் முதல் கேள்விக்கு ஒரு எண் விட்டுப்போனது. 12 சதவீதத் தள்ளுபடி விகிதத்தில், வருமானம் இரண்டு ஆண்டு தள்ளிப்போனால் அதன் இன்றைய மதிப்பில் 20 சதவீதம் கரைந்துவிடும். வயல் மேம்பாட்டுத் திட்ட ஒப்புதல், சுற்றுச்சூழல் அனுமதி, கடற்படை அனுமதி, ரிக் இறக்குமதி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் இரண்டு ஆண்டு போவது சுலபம். மழைக்காலத்தில் வங்கக் கடலில் நிறுவல் வேலை நடக்காது. அனுமதி ஒரு மாதம் தாமதமானால் அந்தப் பருவமே போய், இழப்பு ஓராண்டாகும். 2019 திருத்தத்தில் சீக்கிரம் உற்பத்தி தொடங்குபவருக்கு (நிலத்திலும் ஆழமில்லாக் கடலிலும் 4 ஆண்டு, ஆழ்கடலில் 5) ராயல்டியில் 10 முதல் 30 சதவீதத் தள்ளுபடி வைத்தார்கள். அனுமதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் அதைவிடப் பல மடங்கு மிச்சம், கருவூலத்துக்கு ஒரு பைசா நட்டமும் இல்லை.