மேடையை நம்பி வேலையை விடலாமா?

இளவேனில்: மதுரை, சிவகங்கை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் பட்டிமன்ற அணிப் பேச்சாளராகப் போய்வருகிறேன். தனியார் நிறுவனத்தில் வேலை. நள்ளிரவு தாண்டி வீடு திரும்பிவிட்டுக் காலையில் அலுவலகத்தில் உட்கார முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பேச்சாளராகலாம் என்று இருக்கிறேன். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

பொருநை: வேண்டாம் தம்பி. சாலமன் பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். ராஜாவும் பாரதி பாஸ்கரும் வங்கிப் பணியில் இருந்துகொண்டே பெயரெடுத்தவர்கள். பங்குனி முதல் வைகாசி வரை அழைப்பு குவியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் மேடை போடுவார்கள்? 2020 சித்திரையில் கொரோனாவால் திருவிழாக்களே நின்றுபோயின. அப்போது சம்பளம் வந்துகொண்டிருந்த பேச்சாளர் மட்டும்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

குறிஞ்சி: பொருநை ஐயா, வாரியார் சுவாமிகளை மறந்துவிட்டீர்களே! 1906இல் பிறந்து 1993இல் மறையும் வரை சொற்பொழிவே அவர் வாழ்க்கை. இன்று பலர் அலுவலகம் முடிந்து காரில் ஏறி, போகிற வழியில் கைபேசியில் நான்கு துணுக்குகளைத் தேடிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? போன ஆண்டு கேட்ட அதே மாமியார் கதை என்றால், இரண்டாவது வரியிலேயே நாற்காலிகள் காலியாகத் தொடங்கிவிடும். கம்பனையும் குறளையும் ஊன்றிப் படிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்த அலுவலகம் தரும்?

பொருநை: வாரியார் ஒரே ஊரில் பல நாள் தொடர் சொற்பொழிவு செய்தவர். பட்டிமன்றம் ஒரே இரவோடு முடிந்துவிடும்; மறுநாள் வேறு ஊர் தேட வேண்டும். தொகையையும் கமிட்டி பெரும்பாலும் நடுவரிடம் மொத்தமாகத்தான் கொடுக்கிறது. அவர் ஆறு பேருக்குப் பிரித்த பிறகு, கடைசியாகப் பேசும் புதியவரின் உறையில் எவ்வளவு மிஞ்சும் என்று தம்பிக்கே தெரியும். இன்னொன்று: பெண்களை இழிவுபடுத்தும் தலைப்பு வந்தால், மாதச் சம்பளக்காரர் மறுத்துவிடுவார். வாடகைக்குப் பணம் தேடுகிறவரால் முடியுமா?

அறிவுக்கரசி: மறுக்க முடியும் ஐயா, நான் மறுத்திருக்கிறேன். எனக்கு மேடை ஒன்றுதான் தொழில். ஆனால் திருவிழாவை மட்டும் நம்பியிருந்தால் என்றோ ஒதுங்கியிருப்பேன். இப்போது மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது, மாலை உரைக்கு ஆள் தேடுகிறார்கள். கல்லூரித் தமிழ் மன்றங்கள் இருக்கின்றன, கம்பன் விழாக்கள் இருக்கின்றன. இவற்றுக்குத் தனியுரை வேண்டும். நடுவரின் மணிக்குப் பயந்து பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டே பழகியவருக்கு முக்கால் மணி நேரம் தனியாக நிற்கத் தெரியாது. தம்பி முதலில் அதைப் பழக வேண்டும்.

சன்மானத்தை அழைக்கும்போதே பேசிவிடுங்கள். "வாங்க, பார்த்துக்கொள்ளலாம்" என்ற கமிட்டியின் மேடையில் ஆடல் பாடல் முடிந்து பதினொன்றரைக்குத்தான் எங்களை ஏற்றினார்கள். முன்வரிசையில் பாய் விரித்துக் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். பேசி முடித்தபோது பொருளாளரைக் காணவில்லை. பொன்னாடையோடு பஸ் ஏறினேன். அதன்பின் முன்பணம் வராத தேதியை நாட்குறிப்பில் எழுதுவதே இல்லை. பெண் பேச்சாளர்கள் திரும்பும் வண்டிக்கும் அப்போதே உறுதி வாங்கிவிட வேண்டும்.

பொருநை: அம்மா, நீங்கள் பெயர் பெற்றவர், உங்களுக்கு முன்பணம் வரும். அணியில் ஆறாவதாகப் பேசும் பையன் முன்பணம் கேட்டால், அந்தத் தேதிக்கு வேறு பையனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

குறிஞ்சி: கூப்பிடட்டும். ஆறாவது இடத்திலேயே கிடந்தால் அவருக்குப் பெயர் எப்போதுதான் வரும்?

இளவேனில்: அறிவுக்கரசி அம்மா சொன்ன தனியுரை எனக்கு உறைத்தது. ஒரு மேடையில்கூட நான் அப்படி நின்றதில்லை. ஐப்பசி வரை வேலையில் இருந்துகொண்டு, ஊர் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு தனியுரை கேட்டு வாங்கப்போகிறேன். முதல் உரைக்குக் கும்பகர்ணனை எடுக்கலாமா?

அறிவுக்கரசி: எடுங்கள். ஆனால் போர்க்களத்தில் தொடங்காதீர்கள், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அண்ணனுக்கு அவன் அவையில் சொல்லும் அறிவுரையிலிருந்து வாருங்கள்.