காசிமேட்டுக் கடம்பாவில் (ஸ்க்விட்) நரம்பைக் காட்ட முடியுமா?

வணக்கம். தண்டையார்பேட்டையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லித் தருகிறேன். நரம்பு செல் பாடம். ஓய்வில் உள்ளே −70 மில்லிவோல்ட், −55 வாக்கில் ஏறியதும் சோடியம் உள்ளே பாயும், அப்புறம் பொட்டாசியம் வெளியேறும் என்பதுவரை சரியாகப் போனது. "ஒவ்வொரு துடிப்பும் ஒரே அளவு என்றால், லேசாகத் தொட்டதும் அழுத்தினதும் எப்படி சார் வேறாகத் தெரியும்?" என்று ஒரு பெண் மடக்கினாள். காலிங்பெல் சத்தம் ஒன்றுதான், அவசரக்காரன் அடிக்கடி அமுக்குவான் என்றேன். ஒத்துக்கொண்டாள்.

இந்தத் துடிப்பு எப்படி உண்டாகிறது என்று ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானிகள் 1952-இல் வெளியிட்ட கணக்கே கடம்பாவின் ராட்சத ஆக்ஸானை (நரம்பு செல்லின் நீண்ட இழை) வைத்துத்தான். அரை மில்லிமீட்டர் தடிமன்! நம்மூர்க் கடம்பா வேறு இனம், தெரியும். இருந்தும் ஆசை விடவில்லை. ஞாயிறு காலை அரை கிலோ வாங்கி, உடலை நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். உள்சுவரில், தலைப்பக்கமாக, ஒரு சின்ன முடிச்சிலிருந்து வெள்ளை நூல்கள் விசிறிபோலப் பிரிந்தன. அவற்றில் தடித்தது ஆக்ஸான்தானா, வெறும் தசைநாரா? ஐஸில் கிடந்த கடம்பாவில் பிரித்தெடுக்க முடியுமா? கல்லூரியில் இதை அறுத்துப் பார்த்த விலங்கியல்காரர்கள் யாராவது சொல்லுங்களேன். போட்டோ கேட்காதீர்கள், மதியமே வறுவலாகிவிட்டது.