‘லாக்’ என்பதற்கு ‘நிகழ்குறிப்பு’: வெப்பநிலை உணரி இயக்கியை முன்வைத்து

நண்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினியின் வெப்பநிலை உணரிகளுக்கான இயக்கியின் (வன்பொருளை இயங்குதளத்தோடு இணைக்கும் நிரலின்) ஆவணத்தைத் தமிழில் எழுதும்போது, நடப்பவற்றைக் கணினி வரிசையாக எழுதிவைக்கும் ‘லாக்’ என்பதற்குப் ‘பதிவு’ என்ற சொல்லையே தொடரலாம் என்ற கருத்து வந்துள்ளது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இயக்கி செய்யும் வேலையைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இன்டெல் செயலிகளுக்கு உள்ள கோர்டெம்ப் இயக்கியை எடுத்துக்கொள்வோம். செயலிக்குள் இருக்கும் உணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்பை எட்ட இன்னும் எத்தனை பாகை இருக்கிறது என்பதையே ரெஜிஸ்டர் எனும் சிறு நினைவிடத்தில் வைக்கிறது. வரம்பு 100 பாகை செல்சியஸ், ரெஜிஸ்டரில் உள்ள எண் 55 என்றால், இயக்கி கழித்துப் பார்த்து 45 எனக் கண்டு, அதை மில்லிபாகைக் கணக்கில் 45000 என்று ஒரு கோப்பின் வழியே தருகிறது. ரெஜிஸ்டருக்குப் ‘பதிவகம்’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. எனவே ‘லாக்’கும் பதிவானால், “பதிவகத்தில் பதிவான அளவீட்டைப் பதிவில் பதிகிறது” என்றுதான் எழுத வேண்டிவரும். தரவுத்தளத்தின் ரெக்கார்டும் பதிவு, இணையத்தில் கணக்குத் தொடங்குவதும் பதிவு என்று அச்சொல் முன்னமே சுமை தாங்கி நிற்கிறது. ‘பதிகை’ என்ற மாற்றும் அதே வேரில் கிளைத்தது என்பதால் குழப்பம் தீராது.

இதைவிட முக்கியமானது, ‘லாக்’ என்ற ஒரே சொல்லுக்குள் இங்கே இரண்டு வேலைகள் இருப்பது. கோர்டெம்ப் பழைய அளவீடுகளைச் சேர்த்துவைப்பதில்லை. கோப்பைப் படிக்கும் நேரத்து வெப்பநிலை மட்டுமே கிடைக்கும். குறித்த இடைவெளியில் அதைப் படித்து, நேரத்தோடு சேர்த்து எழுதிவைப்பது இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்கு வெளியே ஓடும் வேறொரு நிரல். வெப்பநிலை வரம்பைக் கடந்ததால் செயலியின் வேகம் குறைக்கப்பட்டது என்ற செய்தியையோ, அப்படி நேர்ந்தால் மட்டுமே கெர்னல் எழுதுகிறது. முன்னதை ‘அளவீட்டுக் குறிப்பு’ என்றும் பின்னதை ‘நிகழ்குறிப்பு’ என்றும் பிரித்து வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. வெப்பச் சிக்கலை ஆராய்பவர் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும்.

‘குறிப்பு’ என்பது ஆவணங்களில் ‘நோட்’ என்ற பொருளில் வருகிறதே என்று கேட்கலாம். தனித்து நிற்கும் குறிப்பு அப்படியே இருக்கட்டும். நாட்குறிப்பு என்றதும், காலவரிசையில் எழுதிச் சேர்த்தது என்பதை எவரும் விளக்கமின்றி உணர்கிறோம். கூட்டுச்சொல்லுக்கு அந்த வலு உண்டு. ‘நிகழ்குறிப்பு’ வினைத்தொகையாகவும் அமைவதால், எழுதி முடிந்த கோப்புக்கும் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்புக்கும் ஒருசேரப் பொருந்தும். வினைக்கு ‘நிகழ்குறிப்பில் எழுது’ என்பதே போதும். ஒற்றைச் சொல் வேண்டுமென்று வலிந்து படைக்கத் தேவையில்லை.

‘வெப்ப உணரி’ என்று சிலர் எழுதியிருப்பதையும் ‘வெப்பநிலை உணரி’ எனத் திருத்தக் கேட்டுக்கொள்கிறேன். வெப்பம் ஆற்றல், இந்த உணரி அதை அளப்பதில்லை.

“செயலியின் வெப்பநிலை வரம்பைக் கடந்தது, வேகம் குறைக்கப்பட்டது” என்பதை நிகழ்குறிப்பு வரிக்கு மாதிரியாக வைக்கிறேன். வேறு சொற்களை முன்மொழிபவர்கள், இவ்வரி இடம்பெறும் ஆவணப் பத்தியில் ‘பதிவகம்’ என்ற சொல்லோடு அவற்றைப் பொருத்திக் காட்டினால் ஒப்பிட்டு முடிவெடுக்க எளிதாக இருக்கும்.