தம்பியின் கடற்படைப் பயிற்சி பட்டப்படிப்பில் கணக்கில் வருமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி எட்டு வருடம் கடற்படையில், சைமன்ஸ் டவுனில் டீசல் மெக்கானிக்காக இருந்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறான். கையில் ஒரு தடித்த ஃபைல் நிறையப் பயிற்சிச் சான்றிதழ்கள், இரண்டு மூன்றில் எண்ணெய்க் கறைகூட இருக்கிறது, ஆனால் படிப்பு மெட்ரிக்கோடு, அதாவது பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஒரு கல்லூரியில் விசாரித்தோம். கவுண்டரில் இருந்தவர் ஃபைலைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, முதல் வருடத்திலிருந்து சேருங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் அத்தை மகன் அமெரிக்க விமானப்படையில் இருக்கிறான். அங்கே 1972-லிருந்து விமானப்படைக்கென்றே ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது, வேலைப் பயிற்சியைக் கிரெடிட்டாக, அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகாகக் கணக்கிட்டு அசோசியேட் பட்டம் (இளங்கலைக்கு முந்தைய பட்டம்) கொடுக்கிறார்கள், அப்புறம் அதோடு சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகங்களில் மிஞ்சிப்போனால் இன்னும் 60 கிரெடிட் படித்தால் இளங்கலை முடிந்துவிடும்.

நம் நாட்டில் அப்படித் தனிக் கல்லூரி இல்லாவிட்டாலும் ஆர்.பி.எல். என்று முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி இருக்கிறதே. அதிலும் சேர்க்கைக்கு மட்டும் உதவுவது ஒன்று, பாடங்களிலிருந்தே விலக்குத் தருவது ஒன்று. எங்களுக்கு வேண்டியது இரண்டாவது. நம் தேசியத் தகுதி வரிசையில் மெட்ரிக் 4-ஆம் நிலை, இளங்கலை 7-ஆம் நிலை, நடுவில் எவ்வளவு தாண்ட முடியும்?

யூனிசாவிலோ (தொலைதூரக் கல்விப் பல்கலைக்கழகம்) டர்பன் பக்கமோ ராணுவச் சான்றிதழை வைத்து யாராவது விலக்கு வாங்கியிருக்கிறீர்களா? பயிற்சி மணிக்கணக்கைப் படைப்பிரிவிலிருந்து எழுதி வாங்க வேண்டுமா? அண்ணன்மார், அக்காமார் தெரிந்தால் சொல்லுங்கள், தம்பி சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறான்.