நாற்காலியில் உறவு உட்கார்ந்திருந்தால்: செட்டிநாட்டு உள்ளாட்சி அலுவலகங்களில் நீங்கள் பார்த்தது என்ன?

ஊருணிக்கரை எழுதியது:

லஞ்சம் கேட்டார்கள், கொடுத்தோம் என்கிற கதைகளை நிறையப் பேசியாயிற்று. இந்த முறை வேறொன்று கேட்கிறேன். ஒரு அலுவலர் கையில் இருக்கிற கோப்பும் அவர் வீட்டு வருமானமும் ஒரே இடத்தில் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறீர்களா? யாரும் பணம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் சரியில்லை என்று மனசுக்குப் பட்டிருக்கும். அப்படிப்பட்டவற்றை எழுதுங்கள். நேர்மையாக ஒதுங்கிக்கொண்டவர்களைப் பற்றியும் எழுதுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்தப் பக்கமாக இருந்தாலும் ஊர்ப் பெயர், ஆள் பெயர் வேண்டாம்.

என்னுடையது சின்ன விஷயம். வீட்டு வரியைப் பெயர் மாற்ற மனு கொடுத்தேன். பத்திர நகல் தெளிவில்லை என்று திரும்பியது. தெளிவாக எடுத்துக் கொடுத்தேன், வாரிசுச் சான்று வரிசையாக இல்லை என்று மறுபடி திரும்பியது. வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார்: "எதிர்க் கடையில கொடுங்க சார், அவங்க போட்டா ஒரே தடவையில போயிரும்." எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையை நடத்துவது அந்தப் பிரிவு எழுத்தரின் மனைவி. கட்டணம் நியாயம்தான், ரசீதும் உண்டு. அதனால்தான் யாரும் புகார் சொல்வதில்லை. நான் கடைக்குப் போகவில்லை. என்ன குறை என்று எழுத்தில் கொடுங்கள், மேலே காட்டிக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கவில்லை, மனு ஏற்கப்பட்டது.

வளவு எழுதியது:

என்னுடையது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஐயாவுடைய அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவில் சம்பாதித்துக் கட்டிய வீடு. முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பங்காளிகள் சென்னை, கோவை, ஈப்போ என்று சிதறிக் கிடக்கிறோம். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு மட்டும் கூடுவோம். மற்ற நாளில் ஒரு காவல்காரர் காலையில் கதவைத் திறந்து பெருக்கிவிட்டுப் போவார். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதி இப்படித்தான் நிற்கின்றன.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பதாகவும் பொதுமக்கள் பாதுகாப்புக் கருதி அகற்ற வேண்டும் என்றும் இருந்தது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பின்கட்டுச் சுவரில் விரிசல் இருந்தது உண்மை, நாட்டு ஓடு சரிந்திருந்ததும் உண்மை. தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஆபத்தான கட்டடத்துக்கு நோட்டீஸ் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை.

ஆனால் அதே வாரத்தில் ஒருவர் காவல்காரரிடம் வந்து, "இடிக்கத்தானே போறீங்க, தூணு, நிலை, உத்தரம் எல்லாத்துக்கும் ஒரே விலை பேசிக்கலாம்" என்று என் போன் நம்பர் கேட்டிருக்கிறார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு பர்மா தேக்குத் தூணுக்கு என்ன மதிப்பு என்று சொல்லத் தேவையில்லை. நோட்டீஸ் கையில் கிடைக்கும் முன்பே பங்காளிகளில் யார் விற்கச் சம்மதிப்பார்கள் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. அதுதான் உறுத்தியது.

பக்கத்து வீட்டு ஆச்சிதான் முடிச்சை அவிழ்த்தார்கள். "அவனா? நோட்டீஸ் எழுதின இன்ஸ்பெக்டரோட மச்சினனப்பா. கோயில் திருவிழாவுல ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே நின்னாக" என்றார்கள்.

கோபத்தில் சண்டைக்குப் போயிருந்தால் காரியம் கெட்டிருக்கும். பங்காளிகளிடம் பேசி ஒரு கட்டுமானப் பொறியாளரை வரவழைத்து அறிக்கை வாங்கினோம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நோட்டீஸுக்கு முந்தைய ஆய்வறிக்கையின் நகலைக் கேட்டோம். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். வீடு முழுவதும் பலவீனம் என்று ஒரே வரி. எந்தக் கட்டு, எந்தச் சுவர், எவ்வளவு விரிசல் என்று ஒன்றும் இல்லை. தேதி போட்ட போட்டோவும் இல்லை.

பிறகு மேலதிகாரிக்கு மனு எழுதினோம். இன்ஸ்பெக்டர் தப்பு செய்தார் என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. அவருடைய நெருங்கிய உறவினர் பழைய மரச்சாமான் வியாபாரத்தில் இருக்கிறார், எங்கள் வீட்டுக்கு விலை பேசியிருக்கிறார், எனவே வேறொரு அலுவலர் ஆய்வு செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டோம். வேறொருவர் வந்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார், மேல்மாடி வரை ஏறிப் பார்த்தார். பின்கட்டில் ஒரு சுவரையும் ஓட்டுச் சார்ப்பையும் பிரித்துக் கட்டச் சொல்லி எழுதினார். செய்துவிட்டோம். முகப்பும், முற்றத்தைச் சுற்றிய வளவும் நிற்கின்றன.

முதலில் வந்தவர் மனதறிந்து பொய் எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. வீடு விழுந்துவிடும் என்று நிஜமாகவே நம்பியிருக்கலாம். இருந்தாலும் அந்த வீட்டை அவர் ஆய்வு செய்திருக்கக் கூடாது. இடிந்தால் மச்சினனுக்கு லாபம் என்று தெரிந்த கண்ணுக்கு விரிசல் பெரிதாகத்தான் தெரியும்.

சீப்புச்சீடை எழுதியது:

நல்லதாக ஒன்று. எங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வரைபட அனுமதிக் கோப்பைப் பார்த்த அம்மாவையும் அழைத்திருந்தோம். அனுமதி வந்து பல மாதம் ஆகியிருந்தது, எந்த உள்நோக்கமும் இல்லை. வந்து சாப்பிட்டார்கள். வந்த எல்லாருக்கும் கொடுத்த வெற்றிலைபாக்குப் பையை வாங்கிக்கொண்டார்கள். என் மாமியார் தனியாக எடுத்து வைத்திருந்த வெள்ளிக் கிண்ணத்தை மட்டும், "ஆச்சி, உங்க தெருவுல இன்னும் நாலு வீட்டுக் கோப்பு என் மேசையில இருக்கு. இதை வாங்கிட்டுப் போனா அவுக என்ன நினைப்பாக?" என்று மாமியார் கையிலேயே வைத்துவிட்டார்கள். மாமியாருக்கு முதலில் சங்கடம். இன்றைக்கு அந்த அம்மாவைப் பற்றி எங்கள் தெருவில் யாராவது ஏதாவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது அவர்கள்தான்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்த பிறகு 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. மேசைக்கே போகாத கோப்புக்கு வெள்ளிக் கிண்ணம் தேவைப்படாது. எனக்கு அதில் பெரிய நிம்மதி.

ஓவர்சியர் மச்சான் எழுதியது:

வளவு எழுதியதற்கு நேர் எதிரான அனுபவம் என்னுடையது. நான் சின்ன ஒப்பந்ததாரர். என் மனைவியின் அண்ணன் ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளராக இருந்தார், இப்போது ஓய்வு.

ஒரு ஊருணிக்குப் படித்துறை சீர்செய்து வரத்துக்கால் ஓரம் கல் பதிக்கிற வேலை. டெண்டர் போட்டேன், குறைந்த விலை என்னுடையது, கிடைத்தது. பெட்டியை எல்லார் முன்னாலும் திறந்தார்கள், அதில் மச்சானுக்குப் பங்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலை இருந்த பகுதி அவர் பொறுப்பு. அளந்து எம்-புக்கில் எழுத வேண்டியவர் அவர்தான். எம்-புக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எத்தனை மீட்டர் நீளம், எத்தனை ஆழம், எத்தனை கன மீட்டர் கல் என்று அந்தப் புத்தகத்தில் ஏறினால்தான் பில். மண்ணுக்கு அடியில் போன அஸ்திவாரத்தை அப்புறம் யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. ஒரு வேலையில் பணம் கூடுவதும் குறைவதும் அந்தப் புத்தகத்தில்தான்.

ஒர்க் ஆர்டர் வந்த அன்றைக்கே அவர் பி.டி.ஓ.வுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஒரு கடிதம் எழுதினார். நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. "இப்பணியின் ஒப்பந்ததாரர் என் உடன்பிறந்த சகோதரியின் கணவர் ஆவார். எனவே இப்பணியை மேற்பார்வையிடவும் அளவெடுக்கவும் வேறு பொறியாளரை நியமிக்கக் கேட்டுக்கொள்கிறேன்." அவ்வளவுதான், மூன்று வரி கூட இல்லை.

வேறொரு பொறியாளர் வந்தார். பொறுமைசாலி இல்லை. கல் பதிப்பில் ஒரு இடத்தில் ஆழம் குறைவு என்று பிரிக்கச் சொன்னார், பிரித்துப் போட்டோம். பில்லும் தாமதமானது. வீட்டில் என் மனைவி அழுதுவிட்டாள். "கூடப்பிறந்தவளுக்கு இதுகூடச் செய்யாத அண்ணன் எதுக்கு?" என்று அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கே போகவில்லை. அவர் விளக்கம் சொல்ல வரவில்லை. பொங்கல் சீரை மட்டும் ஆள் மூலம் அனுப்பினார்.

அப்புறம் டெண்டரில் தோற்றவர் ஒருவர் மனு போட்டார். பொறியாளரின் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள், அளவு கூட்டி எழுதியிருக்கிறார்கள் என்று. விசாரணைக்கு வந்தார்கள். கோப்பைத் திறந்ததும் முதலில் இருந்தது அந்தக் கடிதம். எம்-புக்கில் கையெழுத்து வேறொருவருடையது. ஊருணியைப் போய்ப் பார்த்தார்கள், அளந்தார்கள், சரியாக இருந்தது. மனு முடிந்தது. அவர் ஓய்வு பெற்றபோது பணப்பலன் ஒன்றும் நிற்கவில்லை. விசாரணை நிலுவை என்று ஓய்வூதியத்துக்கு அலைகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் மனைவியும் அண்ணனும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் இன்றுவரை பேசியதில்லை.

பேரேடு எழுதியது:

பேரூராட்சி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் உறவுக்காரர் தொழில் செய்வதே குற்றம் என்பதுபோலச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மச்சினன் மர வியாபாரம் செய்யலாம், மனைவி ஜெராக்ஸ் கடை வைக்கலாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இலிருந்து இருக்கின்றன. அனுமதியில்லாமல் ஊழியர் தொழில் செய்யக் கூடாது, சொத்து வாங்கினால் விற்றால் தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. சிக்கல் வருவது அந்த வியாபாரத்தைத் தொடுகிற கோப்பில் இவரே கையெழுத்துப் போடும்போது.

ஏலத்தில் இது இன்னும் கடுமை. ஏலத்தில் வாங்கக் கூடாது என்று சட்டப்படி தடை உள்ள அரசு ஊழியர், தன் பெயரிலோ அடுத்தவர் பெயரிலோ வாங்கினாலோ கேட்டாலோ இரண்டு வருஷம் வரை சிறை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 169-ஆவது பிரிவு. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 203. சந்தை வசூல் ஏலம், பழைய கட்டடச் சாமான் ஏலம் எல்லாம் நடத்துகிற இடத்தில் இந்தப் பிரிவைச் சுவரில் எழுதி வைக்கலாம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு ஏலத்தில், தலைக்குத் தலை ஏற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சக ஊழியரின் தம்பி என்று செயல் அலுவலருக்குத் தெரிய வந்தது. ஏலத்தை அங்கேயே நிறுத்தி, அந்த ஊழியரைப் பதிவேட்டைக் கொடுத்துவிட்டு வெளியே போகச் சொன்னார். பிறகு ஏலம் தொடர்ந்தது, தம்பியும் கேட்டார், வேறொருவருக்குப் போனது. அந்த ஊழியர் தனக்கு அவமானம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணக்கில் செயல் அலுவலர் அன்றைக்கு அவரைக் காப்பாற்றினார்.

ஊருணிக்கரை லஞ்சம் வேண்டாம் என்றாலும் ஒன்று மட்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பிக்க முடியும். நிறையப் பேருக்கு இது தெரியவில்லை. உள்ளாட்சிக்கென்று தனியாக முறைமன்ற நடுவம் (ஆம்புட்ஸ்மன்) இருக்கிறது, 2014 சட்டத்தில் வந்தது. அலுவலர் மேலும் உறுப்பினர் மேலும் அங்கே புகார் கொடுக்கலாம்.

கண்மாய் எழுதியது:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். பேரூராட்சி, ஒன்றியம் என்றால் வேறொருவரை அனுப்பலாம். எங்களுடையது சின்ன ஊராட்சி. செயலர் ஒருவர்தான். 2025 ஜனவரியில் தலைவர், உறுப்பினர்கள் பதவிக்காலம் முடிந்த பிறகு தனி அலுவலர் எப்போதாவது வருகிறார், மற்றபடி எல்லாம் செயலர்தான். ஊரில் டேங்கரோடு டிராக்டர் வைத்திருப்பது அவருடைய அண்ணன் மட்டும். கோடையில் போர் வற்றினால் அந்த டேங்கர்தான் தண்ணீர் கொண்டுவரும். எத்தனை நடை என்று எழுதுவது தம்பி, பணம் வாங்குவது அண்ணன். யாரை ஒதுக்கச் சொல்வது? ஒதுக்கினால் தண்ணீர் யார் கொடுப்பது?

எனக்கு அந்தக் குடும்பத்தின் மேல் பகை ஒன்றும் இல்லை. இரவு பதினொரு மணிக்கும் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார் அந்த அண்ணன். ஆனால் ஊரில் பேச்சு இருந்தது. பத்து நடை வந்தால் பதினைந்து எழுதுகிறார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள், அவர்கள் முகத்துக்கு நேரே யாரும் கேட்க மாட்டார்கள். அது இரண்டு பக்கத்துக்கும் நல்லதில்லை.

அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் தெரு மகளிர் குழு அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: "தம்பி, நீங்க தப்பு பண்றீகன்னு சொல்லல. டேங்கர் வந்த தெருவுல வாங்கினவுகளே கையெழுத்துப் போட்டா என்ன?" செயலர் முகம் வாடிப்போனது. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு அதைத் தீர்மானமாகவே எழுதச் சொன்னார். டேங்கர் தன் அண்ணனுடையது என்ற வாசகத்தையும் தீர்மானப் புத்தகத்தில் சேர்க்கச் சொன்னது அவரேதான்.

இந்தக் கோடையில் ஒவ்வொரு நடைக்கும் அந்தத் தெருவில் இரண்டு பேர் நோட்டில் கையெழுத்துப் போட்டோம். மாதக் கடைசியில் நடைக் கணக்கும் வாடகையும் அலுவலகப் பலகையில் ஒட்டப்படுகின்றன. பக்கத்து ஊராட்சியில் என்ன வாடகை என்று விசாரித்தேன், அதேதான். டேங்கர் இன்னும் அண்ணனுடையதுதான். எழுதுவது மட்டும் தம்பி இல்லை.