நோட்டர் டேம் எதற்கு இன்னும் தனியாக நிற்கிறது? பர்டூக்காரருக்கு நான் என்ன பதில் சொல்வது?

இண்டி அம்மா கேட்டது:

வணக்கம். அமெரிக்க ஃபுட்பால் எனக்கு விளங்க ஆரம்பித்தே மூன்று வருடம்தான் ஆகிறது. மகன் சவுத் பெண்டில், நோட்டர் டேமில் படிக்கிறான். (முதலில் பிரெஞ்சு மாதிரி 'நோத்ர தாம்' என்று சொல்லி அவனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்த ஊரில் நோட்டர் டேம்தான்.) 2024 டிசம்பர் 20 ராத்திரி இண்டியானாவுடன் நடந்த பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் கடைசிக்கட்ட) ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு, ஷூவுக்குள் சூடு தரும் பொட்டலம். பந்து யார் கையில் இருக்கிறது என்று பாதி நேரம் தெரியவில்லை. பக்கத்து சீட்டுப் பாட்டி கட்டிப்பிடித்தபோதெல்லாம் நானும் கட்டிப்பிடித்தேன். 27-17. அன்றிலிருந்து நானும் இந்தக் கட்சி.

இப்போது சிக்கல் ஆபீசில். எதிர் மேஜைக்காரர் பர்டூவில் படித்தவர். 2024 செப்டம்பரில் அவர்கள் ஊரிலேயே போய் 66-7 என்று அடித்துவிட்டு வந்தோம், அது அவருக்கு ஆறவே இல்லை. போன டிசம்பரில் 10-2 என்று முடித்தும் பிளேஆஃபில் நமக்கு இடம் கிடைக்கவில்லை அல்லவா? மறுநாள் திங்கட்கிழமை மனிதர் ஒரு பெட்டி டோனட்டுடன் வந்தார். முதல் டோனட் என் மேஜையில். "கான்ஃபரன்ஸில் சேராதவர்களுக்கு இதுதான் கதி" என்றார். (கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடி, டிவி காசைப் பங்குபோடும் கல்லூரிகளின் கூட்டணி.)

அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதுபோல்தான் தோன்றுகிறது. நம்மைப்போல் தனியாக இருந்த பிரிகாம் யங் கல்லூரி 2023-ல் பிக் 12 என்ற கான்ஃபரன்ஸுக்குப் போய்விட்டது. ராணுவக் கல்லூரி அணியான ஆர்மிகூட 2024-ல் ஒரு கான்ஃபரன்ஸில் சேர்ந்துவிட்டது. மேல்மட்டத்தில் தனியாக மிச்சம் இருப்பது நாமும் கனெக்டிகட்டும்தான். கூடைப்பந்து முதலான மற்ற ஆட்டங்களுக்கு ஏசிசி என்ற கான்ஃபரன்ஸ், ஐஸ் ஹாக்கிக்கு பிக் டென் என்ற கான்ஃபரன்ஸ், ஃபுட்பாலுக்கு மட்டும் யாரும் வேண்டாம். "சாப்பாடு ஒரு வீட்டில், தூக்கம் ஒரு வீட்டில், சம்பளம் மட்டும் தன் பையிலா?" என்கிறார். எனக்கு வாய் அடைத்துப்போகிறது.

நிஜமாகவே எதற்கு இந்தப் பிடிவாதம்? வெறும் திமிரா? எல்லோரும் நெருக்கினால் கடைசியில் சேர்ந்துதான் ஆக வேண்டுமா?

மிஷிகன் பழசு:

அக்கா, நான் ஆன் ஆர்பரில் இருபது வருடமாக இருக்கிறேன், மிஷிகன் ஆள். உங்கள் அணியைப் பிடிக்காது. இருந்தாலும் இந்தக் கதையில் குற்றவாளி எங்கள் ஆட்கள்தான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நோட்டர் டேமுக்கு ஃபுட்பால் கற்றுக்கொடுத்ததே மிஷிகன். 1887-ல் எங்கள் பையன்கள் சவுத் பெண்டுக்குப் போய் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, கையோடு 8-0 என்று தோற்கடித்துவிட்டும் வந்தார்கள். 1909 வரை எங்களை அவர்கள் ஜெயித்ததே கிடையாது. அந்த வருடம் 11-3 என்று ஜெயித்தார்கள். அடுத்த வருடம், ஆட்டக்காரர்களின் தகுதி சரியில்லை என்று சொல்லி எங்கள் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட் தரப்பு கடைசி நேரத்தில் ஆட்டத்தையே ரத்து செய்தது. பிறகு இரண்டு அணிகளும் சந்தித்தது 1942-ல். இடைப்பட்ட காலத்தில் பிக் டென்னுக்குள் வர நோட்டர் டேம் முயன்றது, கதவு திறக்கவில்லை. யோஸ்டின் எதிர்ப்பு அதில் பெரும் பங்கு. கத்தோலிக்கக் கல்லூரி என்ற வெறுப்பும் சேர்ந்துகொண்டது என்று எழுதியவர்கள் உண்டு.

அக்கம்பக்கத்தில் ஆட ஆள் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? ரயில் ஏறினார்கள். 1913-ல் வெஸ்ட் பாயிண்ட் போய் ஆர்மியை 35-13 என்று வீழ்த்தினார்கள், பந்தை முன்னால் எறிந்து ஆடிய விதத்தைப் பார்த்து நாடே திரும்பிப் பார்த்தது. 1926-ல் லாஸ் ஏஞ்சலிஸ் போய் அந்த ஊர் யுஎஸ்சி கல்லூரியுடன் ஆட ஆரம்பித்தார்கள். நியூயார்க்கிலும் கலிஃபோர்னியாவிலும் அந்த அணிக்கு ரசிகர்கள் இருப்பது இப்படித்தான். நாங்கள் வாசலைச் சாத்தினோம், அவர்கள் ஊரையே வீடாக்கிக்கொண்டார்கள். இன்று நாங்கள் வாசலில் நின்று "உள்ளே வா, வா" என்று கூப்பிடுகிறோம்!

1999-ல் பிக் டென்னுடன் பேச்சு நடந்தபோது ஆசிரியர்களில் பலர் சேரலாம் என்றார்கள். மாணவர்களும் பழைய மாணவர்களும் கூடாது என்றார்கள். அறங்காவலர் குழு வேண்டாம் என்று முடித்துவிட்டது. உங்கள் பர்டூ நண்பரின் கல்லூரி பிக் டென்னைத் தொடங்கிய கூட்டத்தில் ஒன்று. யோஸ்ட் என்ற பெயரை மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

வரலாறு சரி, ஆனால் 1909 கோபத்தை வைத்துக்கொண்டு யாரும் 2026-ல் கையெழுத்துப் போட மாட்டார்கள். காசைப் பாருங்கள்.

1991-லிருந்து நோட்டர் டேமின் சொந்த ஊர் ஆட்டங்கள் என்பிசி டிவியில். 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். பிக் டென்னின் டிவி ஒப்பந்தம் 7 ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல், 18 அணிகள் பங்குபோடுகின்றன. டிவி காசை மட்டும் கணக்கிட்டால் உள்ளே போவதுதான் லாபம் என்பேன். ஆனால் 2024 சீசனில் பிளேஆஃப் காசு வேறு விதமாக இருந்தது. கான்ஃபரன்ஸ் அணி ஜெயித்தால் அந்தத் தொகை கான்ஃபரன்ஸுக்குப் போனது, அங்கே பங்கு பிரிந்தது. தனி அணிக்கு முழுசும் தனக்கே. அந்த சீசனில் நோட்டர் டேம் இறுதிப்போட்டி வரை போனதால் 2 கோடி டாலர் சுளையாக வந்தது. அந்த இறுதிப்போட்டியில் 34-23 என்று ஜெயித்த பிக் டென் அணியான ஒஹாயோ ஸ்டேட் தன் பங்கை எல்லோருடனும் பகிர்ந்துகொண்டது. உங்கள் பர்டூவும் அதில் ஒரு துண்டு சாப்பிட்டிருக்கும், அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டு. டோனட் வாங்கிய காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள் :)

கொலம்பஸ்வாசி:

எல்லோரும் ஒரே பக்கமாகத் தாளம் போடுகிறீர்கள், நான் எதிர்ப்பாட்டு பாடுகிறேன். தனியாக இருப்பவர்களுக்குக் கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டி கிடையாது. டிசம்பர் முதல் வாரத்தில் மற்றவர்கள் எலும்பு முறிய ஆடும்போது இவர்கள் சோபாவில். அது சலுகை என்றுதான் இத்தனை நாள் நாங்கள் எரிச்சல்பட்டோம். 2025-ல் அதே சோபா காலை வாரியது. தொடர்ந்து பத்து ஆட்டம் ஜெயித்தும், ஆரம்பத்தில் மயாமியிடம் 27-24, டெக்சஸ் ஏ அண்ட் எம்-மிடம் 41-40 என்று தோற்றதைக் கழுவ அவர்களுக்கு இன்னொரு மேடை இல்லை. இத்தனைக்கும் அந்த பிளேஆஃப் இடத்துக்கு அவர்களோடு போட்டியிட்ட மயாமி ஏசிசி அணி. ஏசிசி தன் முழு உறுப்பினருக்காகத்தானே வரிந்துகட்டும்? நோட்டர் டேமின் விளையாட்டுத் துறைத் தலைவர் அதற்காக ஏசிசியைப் பொதுவெளியிலேயே சாடினார். கோபத்தில் போல் ஆட்டமே (பிளேஆஃபில் இடம் கிடைக்காத அணிகளுக்கும் சீசன் கடைசியில் கிடைக்கும் ஆட்டம்) வேண்டாம் என்று ஒதுங்கியும் விட்டார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசி வருடப் பையன்களுக்கு அது இன்னொரு ஆட்டம்.

ஒரு முறை சேர்ந்து பார்த்ததும் உண்டு. 2020 கொரோனா வருடத்தில் ஏசிசியில் முழு உறுப்பினராக ஆடினார்கள். கிளெம்சனை சவுத் பெண்டில் 47-40 என்று ஜெயித்தார்கள், கான்ஃபரன்ஸ் இறுதிப்போட்டியில் அதே கிளெம்சனிடம் 34-10 என்று வாங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லையே?

மிச்சமான பீவர்:

ஒரேகான் ஸ்டேட் ரசிகன். சுருக்கமாக முடிக்கிறேன். சேர்ந்தால் பாதுகாப்பு என்று யார் சொன்னது? நூறு வருடத்துக்கும் மேலாக நாங்கள் மேற்குக் கரை கான்ஃபரன்ஸில் இருந்தவர்கள். 2022-ல் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குக் கிளம்பின. 2023 ஆகஸ்டில் ஒரேகானும் வாஷிங்டனும் கிளம்பின. மீதிப்பேர் அவரவர் வழியில். கடைசியில் பந்தியில் உட்கார்ந்திருந்தது நாங்களும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும். இலையை எடுக்கக்கூட ஆள் இல்லை. ஒரேகான் கல்லூரி இருக்கும் யூஜீன் எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை, அந்த ஊர்க்காரர்கள் இப்போது கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு நியூ ஜெர்சி போகிறார்கள்.

நோட்டர் டேமை நெருக்குபவர்கள் 'குடும்பம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் என்னிடம் அனுப்புங்கள்.

மிஷிகன் பழசு:

@கொலம்பஸ்வாசி, ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஏசிசியுடன் அவர்கள் போட்ட ஒப்பந்தப்படி 2036-க்குள் ஃபுட்பாலுக்கு ஏதாவது கான்ஃபரன்ஸில் சேர்வதென்றால் அது ஏசிசியாகத்தான் இருக்க வேண்டும். வருடத்துக்குச் சராசரியாக ஐந்து ஏசிசி அணிகளுடன் ஆடுவதும் அதே ஏற்பாட்டில்தான். ஆக, பிக் டென் ரசிகர்கள் நெருக்குவது ஏற்கெனவே பரிசம் போட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் சம்பந்தம் பேசுவது மாதிரி. காசு கொடுத்து வெளியே வர வழி தேடலாம், அது வக்கீல்கள் பாடு. நான் பார்ப்பது 2030-ஐ ஒட்டிய காலத்தை. என்பிசி ஒப்பந்தம், பிக் டென் ஒப்பந்தம் இரண்டும் அப்போது முடிகின்றன.

அதுவரை திட்டுவதால் ஒன்றும் நடக்காது. நிஜமான நெருக்கடி ஒன்றுதான்: பெரிய கான்ஃபரன்ஸ்கள் ஒன்பது, பத்து என்று தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டு வெளி அணிகளுக்குத் தேதி தராமல் போவது. 1910-ல் எங்கள் ஆட்கள் செய்த அதே வேலை. ஆனால் இப்போது ரயில் ஏறிப் போக வேறு ஊர் மிச்சம் இருக்குமா என்பதுதான் சந்தேகம்.

இண்டி அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இன்று மதியம் பர்டூக்காரரிடம் யோஸ்ட் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மிஷிகனை எங்களுக்கும் பிடிக்காது" என்றார். பிளேஆஃப் காசு விஷயத்துக்கு மட்டும் பதிலே இல்லை, காபி எடுக்கப் போய்விட்டார்.

மகனுக்கும் இந்த இழை முழுவதையும் அனுப்பினேன். 'நேவியை விட்டுவிட்டார்கள்' என்று ஒரு வரி பதில் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது பையன்கள் இல்லாமல் கல்லூரி தள்ளாடியபோது, கடற்படை தன் பயிற்சி முகாமை அங்கே வைத்துக் காப்பாற்றியதாம். அந்த நன்றிக்காக, நேவி கேட்கும்வரை வருடா வருடம் அவர்களுடன் ஆடுவோம் என்று வாக்கு. அந்த ஆட்டம் போருக்கு முன்பே 1927-ல் தொடங்கியது, 2020-ல் மட்டும்தான் விட்டுப்போனதாம். பிக் டென்னில் சேர்ந்தால் அதற்குத் தேதி இருக்குமா என்று கேட்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.