சதாமுக்குத் தூக்கு: குர்துகளுக்குக் கிடைத்தது நீதியா?

ஊசிவெடி:
"யார் உயிரையும் எடுக்க அரசுக்கு உரிமை கிடையாது, சதாம் உசேனே ஆனாலும்" என்று நேற்று இங்கே ஒரு மகான் அருளியிருக்கிறார். 1988-ல் இராக்கில், குர்து இன மக்களின் ஊரான ஹலப்ஜாவில் விஷவாயு அடித்து ஆயிரக்கணக்கில் கொன்றவனுக்கு ஆயுசுக்கும் சோறு போட்டு வைக்கணுமாம். தூக்கில் போட்டார்கள். குர்துகளுக்கு நீதி கிடைத்தது. முடிந்தது கதை.

கல்வெட்டு:
அந்த மகான் அடியேன்தான். சதாமைத் தூக்கிலிட்டது குர்துகளுக்காக இல்லை. துஜைல் ஊரில் 1982-ல் அவரைக் கொல்லப் பார்த்தார்கள். அதற்குப் பழியாக 148 ஷியாக்களைக் கொன்ற வழக்கு அது. 2006 டிசம்பர் 30-ல் கயிறு மாட்டியபோது குர்துகளை வேட்டையாடிய ராணுவ நடவடிக்கையான அன்ஃபால் பற்றிய வழக்கு பாதியில் நின்றது. ஆள் போனதும் அவர் மீதான குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார்கள்.

ஊசிவெடி:
148 பேர் பத்தாதா? எத்தனை பிணம் விழுந்தால் உங்களுக்குச் சம்மதம், ஒரு எண் சொல்லுங்க.

கல்வெட்டு:
பத்தாது என்று எங்கே எழுதினேன்? "குர்துகளுக்கு நீதி" என்றீர்கள். எந்த வழக்கில்? துஜைல். செத்தவர்கள் குர்துகளா? இல்லை. இதற்கு மட்டும் பதில்.

கடைசிபெஞ்சு:
அண்ணே, அன்ஃபால் வழக்கு ஒண்ணும் சாகலை. அன்ஃபாலை நடத்தின, சதாமோட ஒன்றுவிட்ட சகோதரன் அலி ஹசன் அல் மஜீதுக்கு 2007-ல் அதே வழக்கில்தான் மரண தண்டனை. வசதியா விட்டுட்டீங்களே.

கல்வெட்டு:
"அவர் மீதான" என்று எழுதியிருக்கிறேன் தம்பி. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படிக்கவும்.

ஊசிவெடி:
கவனிச்சீங்களா எல்லாரும்? கொலைகாரனுக்கு "அவர்", "அவர்". மாமனார் மாதிரி மரியாதை.

கல்வெட்டு:
"அவன்" போட்டால் துஜைலில் செத்தவர்கள் எழுந்து வருவார்களா? ருமேனியாவின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு பற்றிப் பேசியபோதும் இதே கூத்துதான். அறுபதாயிரம் பேரைக் கொன்றான் என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். 1989 கிறிஸ்துமஸ் அன்று, சுமார் ஒரு மணி நேர விசாரணையில் வாசித்த எண் அது. கையோடு புருஷன் பெண்டாட்டி இருவரையும் சுட்டார்கள். பிற்பாடு எண்ணிப் பார்த்தால் அவரைக் கவிழ்த்த புரட்சியில் செத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். அவசரக் கயிறு, அவசரத் தோட்டா, இரண்டுக்கும் கணக்கு இப்படித்தான் உதைக்கும்.

ஊசிவெடி:
ஆயிரம் பேர்னா சும்மாவா? பழைய பாக்கியை இங்கே வசூல் பண்ணாதீங்க.

நடுவாசல்:
உகாண்டாவை ஆண்ட இடி அமீன் 2003-ல் ஜெட்டாவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்தான். கம்போடியாவை ஆண்ட போல் பாட் 1998-ல் காட்டுக் குடிசையில் படுத்தபடியே போனான். கயிறு இல்லாமல் விட்டதில் எந்த உண்மை வெளியே வந்தது கல்வெட்டு சார்?

கல்வெட்டு:
இடி அமீனை யார் கூண்டில் ஏற்றினார்கள்? அது வேறு பேச்சு. அன்ஃபாலுக்கு வாருங்கள்.

நடுவாசல்:
பதில் இல்லேன்னா அன்ஃபால். ரொம்ப சௌகரியம்.

கடைசிபெஞ்சு:
அலியை 2010 ஜனவரியில் தூக்கில் போட்டாச்சு. அதுவாவது குர்துகளுக்கு நீதியா இல்லையா? ஆமா, இல்லை, ஒரே வார்த்தை.

கல்வெட்டு:
அதற்குச் சில நாள் முன்பு வந்தது ஹலப்ஜா தீர்ப்பு. ஹலப்ஜா தனி வழக்கு, அன்ஃபால் தனி வழக்கு. முதல் பதிவில் ஊசிவெடி இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியதை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஊசிவெடி:
நான் அன்ஃபால்னு எழுதவே இல்லையே! எழுதினது நீங்க. மேலே போய்ப் பாருங்க.

கல்வெட்டு:
பார்த்தேன். "குர்துகளுக்கு நீதி" என்றுதான் இருக்கிறது. எந்த வழக்கில்?